பெற்றோல் கசிவும் ஒரு கறுப்பு வளையமும்

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாப்பில் கசிவு. கழற்றிப் பார்த்தால், பழைய டயர் டியூப்பை வட்டமாக வெட்டி யாரோ வொஷராகப் போட்டிருந்தார்கள். அது ஊறிப் பெருத்து, நகத்தால் அழுத்தினாலே பிய்ந்தது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகக் கடையில் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் றப்பர் வளையம், கேட்டேன். "தம்பி, பெற்றோலுக்கா, பிரேக்குக்கா?" என்றார் கடைக்காரர். சரியான கேள்வி. பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புத்தான். இயற்கை றப்பர் நன்றாக இழுபடும், இலேசில் கிழியாது. ஆனால் பெற்றோல், ஒயில் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் என்ற செயற்கை றப்பர் இரண்டையும் தாங்கும், வெயிலில் கிடந்தால்தான் வெடிப்பு விழும். ஈபிடிஎம் என்ற இன்னொரு செயற்கை றப்பர் நேர்மாறு: வெயிலும் நீராவியும் அதற்குப் பொருட்டில்லை, எஞ்சின் ஒயிலில் வீங்கும். பிரேக் ஒயில் பெரும்பாலும் கிளைக்கோல் வகை என்பதால் அங்கே ஈபிடிஎம்தான், நைட்ரைல் ஆகாது. சிலிக்கோன் 200 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும். குக்கருக்கு அருமை, பெற்றோலுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

நைட்ரைல் வாங்கினேன். நம்பிக்கைக்காக ஒரு போத்தலில் பெற்றோல் விட்டு, உபரி வளையம் ஒன்றையும் டியூப் துண்டையும் இரவு முழுக்க வெளியே ஊறவைத்தேன். காலையில் டியூப் துண்டு வீங்கி நெளிந்து கிடந்தது. வளையத்தில் பெரிய மாற்றமில்லை.

அப்புறம் டாங்கியைக் காலியாக்கி, வளையம் உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, துளி ஒயில் தடவிப் பூட்டினேன். கசிவு நின்றது. சிலிக்கோன் பசை பூசச் சொன்னவர்களும் உண்டு. அது பெற்றோலில் உரிந்து காபரேட்டரை அடைக்கும், தொடவே இல்லை.