கிராமத்துக்கு வரும் அரசுப் பணம்: மொரீஷியஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் கிராமத்து வீடுகளுக்கு வீட்டு வரி கிடையாது. ஏழு மாவட்டக் கவுன்சில்களும் பெரும்பாலும் அரசு மானியத்தில்தான் ஓடுகின்றன. "நாம் வரியே கட்டுவதில்லை, எந்த முகத்தோடு போய்க் கேட்பது?" என்று நம் பெரியவர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான். செருப்பு வாங்கினாலும் போனுக்குப் பணம் போட்டாலும் 15 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கொடுக்கிறோம். மானியம் நம் பணம்தான். கேட்க எல்லா உரிமையும் உண்டு.

சரி, யாரிடம் கேட்பது? எல்லாவற்றுக்கும் எம்.பி.யைத் தேடி ஓட வேண்டியதில்லை. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கும் மாவட்டக் கவுன்சிலின் வேலை. ஊர் மண்டபம், விளையாட்டு நிகழ்ச்சிகள் என்றால் ஒன்பது பேர் கொண்ட கிராமக் கவுன்சிலிடம் போகலாம். பெரிய வடிகால் வேலைகள் பலவற்றை அரசின் தேசிய வளர்ச்சிப் பிரிவு (NDU) செய்கிறது.

நேரம் தவறுவது இன்னொன்று. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நாமோ ஜனவரி மழையில் முற்றத்தில் தண்ணீர் நின்ற பிறகு கூச்சல் போடுகிறோம். அந்த ஆண்டுப் பணம் அதற்குள் பங்கு பிரிந்திருக்கும். மழை ஓய்ந்ததும் எல்லோருக்கும் மறந்துபோகிறது. சுவரில் தண்ணீர் ஏறிய கறை காய்வதற்குள் படம் எடுத்து, தெருக்காரர்களின் கையெழுத்தோடு அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே மனு கொடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கட்டடம் எழும்பினாலே ஊர் நலம் வந்துவிட்டதாக நினைப்பது. ரிப்பன் வெட்டி மண்டபம் திறக்கிறார்கள். அப்புறம்? சாவி ஒருவர் வீட்டில் இருக்கும், அவர் வேலைக்குப் போனால் மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். கழிப்பறைக் குழாய் உடைந்தால் மாற்ற ஆளில்லை. மூட்டுவலியோடு படியேறி வரும் பாட்டிக்கு உட்கார நாற்காலி இல்லை. கட்டுவதற்கு ஒருமுறை பணம் வரும். பராமரிக்க ஆண்டுதோறும் வேண்டும். மண்டபம் கேட்கும்போதே காவலாள், மின்கட்டணம், பழுதுபார்ப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கோயில் மானியத்தையும் இதோடு குழப்பக் கூடாது. அது சமயப் பணிக்கு, கோயில்கள் கூட்டமைப்பு வழியாக வருவது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த வேண்டுமானால், சங்கத்தை முறையாகப் பதிவு செய்து, தொண்டு அமைப்புகளுக்கு நிதி தரும் அரசு நிறுவனமான நேஷனல் சோஷியல் இன்க்ளூஷன் ஃபவுண்டேஷனுக்கு விண்ணப்பிக்கலாம். கம்பெனிகள் தங்கள் லாபத்திலிருந்து சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் 2 சதவீதத்தில் பெரும்பங்கு அங்கேதான் சேர்கிறது.

தேர்தல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதீர்கள். 2012-இல் நடந்த கிராமக் கவுன்சில் தேர்தல், மறுபடி 2020-இல்தான் நடந்தது.