கவுன்சில் ஏன் கோடாரியைத் தூக்குகிறது?

லண்டன் வந்த புதிதில், ஸ்டேஷன் வாசலில் சும்மா கிடைக்கும் மெட்ரோ பேப்பரை எடுத்துப் புரட்டுவீர்கள். பிளஸ் டூ வரை இங்கிலீஷ் மீடியம் படித்திருந்தாலும் தலைப்பு பிடிபடாது. பதற வேண்டாம், தலைப்புக்கென்று தனி இலக்கணம் உண்டு. ‘விபத்தில் 3 பேர் பலி’, ‘முதல்வர் டெல்லி பயணம்’ என்று ஊரில் படித்தபோது, வினைமுற்று எங்கே போயிற்று என்று நாம் கேட்டோமா?

நேற்றே முடிந்த சங்கதியை இங்கே நிகழ்காலத்தில் எழுதுவார்கள். ‘மினிஸ்டர் க்விட்ஸ்’ என்றால் ராஜினாமா ஏற்கெனவே நடந்துவிட்டது. நடுவில் ‘டு’ வந்தால் இனிமேல்தான் நடக்கும்: ‘கவுன்சில் டு க்ளோஸ் லைப்ரரி’, அதாவது உள்ளாட்சி மன்றம் நூலகத்தை மூடப்போகிறது. ‘மேன் ஹெல்ட்’ என்பதில் அந்த ஆள் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. போலீஸ்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘வாஸ்’ என்பதை இடம் போதாமல் விழுங்கிவிட்டார்கள்.

சொற்களும் இடத்துக்காகக் குறுகியவைதான். ‘இன்வெஸ்டிகேஷன்’ எழுத 13 எழுத்து வேண்டும், ‘ப்ரோப்’ 5 எழுத்தில் முடிந்துவிடும். ‘ஆக்ஸ்’ என்றால் கோடாரி, தலைப்பில் அது ரத்து செய்வது. ‘கவுன்சில் ஆக்ஸஸ் பஸ் ரூட்’ என்றால் அந்த பஸ் இனி வராது. ‘போலீஸ் க்விஸ்’ என்றால் விசாரணை. ‘நம்பர் டென்’ பிரதமர் அலுவலகம். என் மானத்தை வாங்கியது ஆர்-ஓ-டபிள்யூ. வரிசை என்று நினைத்து ஆபீஸில் ‘ரோ’ என்று வாசித்தேன். தலைப்பில் அது சண்டை. பசுவைச் சொல்லும் ‘கௌ’ மாதிரி ‘ரௌ’ என்று சொல்ல வேண்டும்.

மேற்கோள் குறிகளை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ‘மர்டர்’ என்ற சொல்லைக் குறிக்குள் போட்டிருந்தால், அப்படி வேறு யாரோ சொல்கிறார்கள், பேப்பர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். ஒருவர் கைதானதுமே 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே வந்துவிடும். விசாரணையைக் கெடுக்கும்படி எழுதினால் வழக்கு பாயலாம். அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை.

நம் வாட்ஸ்அப் குரூப்புகளைக் கலக்கும் விசா தலைப்புகளில் ‘குட்’ (நல்லது அல்ல, சி-ஓ-யு-எல்-டி), ‘மே’, ‘மல்ஸ்’, ‘ஐஸ்’ (பனிக்கட்டி அல்ல, கண் வைப்பது) ஆகிய நான்கையும் தேடுங்கள். முதல் இரண்டும் ‘நடக்கலாம்’, பின்னிரண்டும் ‘யோசிக்கிறார்கள்’. ‘ஹோம் ஆபிஸ் ஐஸ்’ என்று இருந்தால், உள்துறை அமைச்சகம் யோசிக்கிறது, விதி இன்னும் மாறவில்லை. அரசின் கவ் டாட் யூகே தளத்தில் ஏறும்வரை வக்கீலுக்கு ஃபீஸ் கட்டாதீர்கள்.