'ஒப்புக்கொடுக்கிறேன்' என்று பாடிவிட்டோம், திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை சபையில் நாம் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளில் ஒன்று 'ஒப்புக்கொடுக்கிறேன்', அதாவது என்னையும் எனக்குள்ளதையும் ஆண்டவர் கையில் கொடுத்துவிடுகிறேன் என்பது. பாட்டில் வரும், ஜெபத்தில் வரும், பிரசங்கம் முடிந்து எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் "இன்றைக்கு யார் யார் ஒப்புக்கொடுக்கிறீர்கள், கையை உயர்த்துங்கள்" என்று போதகர் கேட்கும்போதும் வரும். நானும் பல வருஷம் கையை உயர்த்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால், சரி, நான் இன்று எதைக் கொடுத்தேன் என்று யோசித்தால், சொல்ல ஒன்றும் இருக்காது. மனசு இளகியது, கண்ணீர் வந்தது, அவ்வளவுதான். எப்படிக் கொடுப்பது என்று எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. நானாகத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன், இதே இடத்தில் நிற்கும் யாருக்காவது உதவும்.

ரோமர் 12:1-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் நம்மிடம் கேட்பது சரீரத்தை. "உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள்" என்று வேண்டிக்கொண்டு, அதைத்தான் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். உள்ளத்தை மட்டும் கேட்டிருந்தால் நமக்குச் சுலபம், கொடுத்தோமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சரீரம் என்றால் கால் எங்கே போகிறது, நாக்கு என்ன பேசுகிறது, விரல் ராத்திரி பதினோரு மணிக்கு போனில் எதைத் தேடுகிறது என்பதெல்லாம் சேர்ந்தது. கடவுள் கேட்டபடி மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் அவனோடு மலையேறும்போது வேலைக்காரரிடம், நாங்கள் போய்த் தொழுதுகொண்டு திரும்பி வருவோம் என்று சொன்னானே, அந்தத் தொழுகையில் பாட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை. விறகு, நெருப்பு, கத்தி, பக்கத்தில் தான் உயிராக நேசித்த பிள்ளை. பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாட்டுக்கு அடியில் இது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒப்புக்கொடுப்பதும் 'நடப்பது நடக்கட்டும், எல்லாம் தலையெழுத்து' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் ஒன்றல்ல. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன செய்தார்? இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று முதலில் கேட்டார். வெளிப்படையாக, வியாகுலத்தோடு, அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்று தடவை. அதோடு சேர்த்துத்தான் "என் சித்தத்தின்படியல்ல" என்றார். கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய் ஆட்டும் செக்கு என்று அர்த்தம், ஒலிவப் பழத்தைப் பிழியும் இடம். அதனால் நீங்களும் முதலில் கேளுங்கள். எனக்கு இது வேண்டும் ஆண்டவரே, இதை இழக்கப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேண்டும் என்று சொல்லவே கூச்சப்படுகிற ஒன்றை உண்மையாகக் கொடுக்கவும் முடியாது.

அப்புறம் ஒரு நோட்டை எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாதாரண நோட்டு போதும். அதில் தேதி போட்டு ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். 'என் வாழ்க்கை முழுவதையும் தருகிறேன்' என்று எழுதாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும் பிடி கிடைக்காத அளவுக்குப் பெரியது. எதை எழுதுவது என்று தெரியவில்லையா? ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மனசு முதலில் எங்கே ஓடுகிறது, எந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் உங்கள் குரல் உயர்கிறது, பிரசங்கத்தில் எந்த இடம் வந்தால் சட்டென்று வேறு யோசனைக்குத் தாவிவிடுகிறீர்கள், இந்த மூன்றையும் கவனியுங்கள். மகளுக்குத் தள்ளிப்போகும் வரனாக இருக்கலாம், பையனுடைய மெடிக்கல் சீட்டாக இருக்கலாம், வீட்டுக் கடன், சபையில் கமிட்டிப் பதவி, யார்மேலோ இருக்கும் கோபம், எதுவும் இருக்கலாம்.

எனக்கு அது என் அண்ணன். அப்பா காலமான பிறகு ஊரில் இருந்த நிலத்தைப் பிரித்தபோது கிணற்றுப் பக்கம் இரண்டு சென்ட் கூடுதலாக அவர் பக்கம் போய்விட்டது என்பது என் கணக்கு, அளந்தது சரிதான் என்பது அவர் கணக்கு. ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஆறு வருஷமும் நான் பாடகர் குழுவில் நின்று பாடினேன். எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கையைக் கொடுத்துச் சமாதானம் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு ஞாயிறு பக்கத்தில் நின்ற பெரியவரின் கையைப் பிடித்தபோது, விரல்கள் காய்ப்புக் காய்ச்சி அப்படியே என் அண்ணன் கை மாதிரி இருந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை நான் எத்தனையோ தடவை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன்: கிணற்றுப் பக்கம் இரண்டு சென்ட்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள், பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில், "அண்ணே, அந்தக் கிணத்துப் பக்கத்தை இனிமே நான் கேக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. "சாப்பிட்டுட்டுப் போடா" என்றார்.

திரும்பி வரும்போது சந்தோஷத்தில் மிதந்துகொண்டு வந்தேன் என்று சொன்னால் அது பொய். பஸ் பாதி தூரம் வருவதற்குள் கோபம் திரும்ப வந்தது, நான் மட்டும் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடியே மறுபடியும் கொடுத்தேன். அடுத்த நாளும். இப்படி மறுபடி மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால் முதலில் கொடுத்தது போலி என்று நினைத்துவிடாதீர்கள். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்து அக்கினி அவியக்கூடாது, ஆசாரியன் காலைதோறும் அதன்மேல் விறகு போட்டு எரிக்க வேண்டும் என்று இருக்கிறது. நேற்றுப் போட்ட விறகு நேற்றைக்கு எரிந்தது. "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி" என்று 5-ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறாரே, அந்த 'ஆயத்தமாகி' என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ஆபிரகாம் அந்த மோரியா மலையில் பலிக்காகக் கட்டைகளை அடுக்கினான் என்று சொல்லும் அதே வினைச்சொல். காலை ஜெபம் என்றால் விறகு அடுக்குவது என்று அன்றிலிருந்து என் மனதில் பதிந்துவிட்டது.

அதனால் காலையில் எழுந்ததும், போனைத் தொடுவதற்கு முன்னால், பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டு உள்ளங்கையையும் மேல்நோக்கித் திறந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சரீரமும் ஜெபத்தில் சேரட்டும். நோட்டில் இருக்கும் வரியை வாசியுங்கள். பிறகு அந்த நாளின் காரியங்களைப் பெயர் சொல்லியே கொடுங்கள்: பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார், அந்த அரை மணி நேரம் உம்முடையது. சாயங்காலம் மாமியார் வருகிறார்கள், என் நாக்கு உம்முடையது. சங்கீதம் 37:5-இல் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்று வருவதும் எபிரெயத்தில் 'உருட்டிவிடு' என்ற சொல்தான். தூக்க முடியாத கல்லை உருட்டத்தானே முடியும்? பகலில் அது திரும்ப உங்கள் காலடிக்கே வந்து நின்றால், நின்ற இடத்திலேயே இன்னொரு தடவை உருட்டிவிடுங்கள். அடுப்படியில் நின்றும் செய்யலாம், சிக்னலில் நின்றும் செய்யலாம்.

கொடுத்தாயிற்று என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிள்ளை இல்லாமல் ஏங்கிய அன்னாளைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. சீலோவில் இருந்த ஆலயத்தில் அழுது மனதை ஊற்றிவிட்டுப் போனவள் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. அப்போது அவள் கையில் பிள்ளை இல்லை, வயிற்றிலும் இல்லை. கேட்டது இன்னும் வரவில்லை, ஆனாலும் சோறு இறங்கியது. எனக்கு இன்னும் பிடித்த இடம் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. பிறகு பிறந்த மகன் சாமுவேலை ஆண்டவருக்கென்று ஆலயத்தில் விட்ட பிறகு அவள் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருவாள். பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கண்ணால் பார்க்காமல் மனதாலேயே அளந்து தைத்திருப்பாள். கொடுத்துவிட்டால் பாசம் விட்டுப்போகும், அக்கறை குறையும் என்று பயப்படுகிறவர்கள் அந்தச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மகனுக்காக ஒப்புக்கொடுத்து ஜெபித்தாயிற்று என்பதற்காக ஃபீஸ் கட்டாமல் இருக்க முடியாது, அவனோடு உட்கார்ந்து பேசாமலும் இருக்க முடியாது.

நாம் கொடுத்ததும் கிடைப்பதும் வேறு வேறாக இருக்கும் நாள்களும் வரும். 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தன் சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்குத் தாயாக இருந்து ஓடியாடி உழைத்தவர். 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது, அதன்பின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். அங்கிருந்தபடியே எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு ஆராதனைக்கும் ஒரு வழி சொல்கிறேன். பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்து, அந்த வாரம் நோட்டில் எழுதியதை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். பாடும்போது உண்மையாகச் சொல்ல முடியாத வரி வந்தால் அந்த வரியை மட்டும் பாடாமல் நின்று, 'இதைச் சொல்ல எனக்கு உதவி செய்யும்' என்று கேளுங்கள். நான் சில பாட்டுகளில் மாதக்கணக்காக ஒரு வரியை விட்டுப் பாடியிருக்கிறேன். காணிக்கைப் பை வரும்போது பவுல் தன் கடிதத்தில் சொல்லும் மக்கெதோனியா சபையாரை நினையுங்கள், தங்களை முதலில் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள்.

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொடுப்பது ஆண்டவருக்கு, எந்த மனிதனுக்கும் அல்ல. உன் நகையை, உன் முடிவை, உன் மனசாட்சியை என்னிடம் ஒப்படை என்று ஊழியர் ஒருவர் கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அடிக்கிற புருஷனோடு இருந்து பொறுத்துக்கொள், அதுதான் அர்ப்பணிப்பு என்று ஒரு சகோதரிக்குச் சொல்வது பாவம். அவர்களுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும், போலீஸ் வேண்டுமானால் போலீஸ். சர்க்கரை மாத்திரையையும் மனநல மாத்திரையையும் 'விசுவாசத்தில்' நிறுத்தாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டே உங்கள் சரீரத்தை அவர் கையில் வைக்கலாம்.

அண்ணன் வீட்டுக்கு இப்போது கிறிஸ்துமஸுக்குப் போகிறோம். கிணற்றுப் பக்கம் எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. நோட்டில் இந்த மாதம் எழுதியிருப்பது என் மகனுடைய பெயர். காலையில் கொடுக்கிறேன், மதியத்துக்குள் திரும்ப என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாளைக்கு ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.