மனச்சோர்வு: களத்துக்குப் புதிதாக வருபவர்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளநல வேலைக்கு அடிக்கடி புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். படித்தவர்கள், இரக்கமும் உள்ளவர்கள். ஆனாலும் நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை வரிசை மாறாமல் விடுகிறார்கள். "மனதைத் தைரியமாக வைத்திருங்கோ" என்று சொல்லக்கூடாது, ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் கதைக்கக்கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கவலையை மட்டும் தேடுவது

விசுவமடுவிலோ மல்லாவியிலோ ஒரு அம்மாவிடம் "கவலையாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "கவலை இல்லாத ஆள் ஆர் பிள்ளை?" என்பார். அதோடு கதை முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் சொல்வது தலையிடி, நாரிநோ, நெஞ்சடைப்பு, உடம்பு உளைவு. கொஞ்சம் பழகிய பிறகுதான் "யோசனை கூடிப்போச்சு" என்பது வரும்.

ஆகவே நித்திரையில் தொடங்குங்கள். விடியப்புறம் முழிப்பு வந்தால் பிறகு கண் மூடுகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்த வேலையை இப்போதும் செய்கிறாரா? மனம் சோர்ந்துபோவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது 2 கிழமை இருந்தால்தான் மனச்சோர்வு என்று யோசிக்கலாம். அதோடு களைப்பு, கவனம் சிதறுவது, தன்னைத்தானே குற்றம் சொல்வது போன்றவையும் சேர்ந்திருக்கும். ஆண்களில் இது பல வேளை கோபமாகவும் குடியாகவும் வெளியே தெரியும். ஊர் "குடிகாரன்" என்று ஒதுக்கிய ஆளிடமும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் 2009இல் போடுவது

2009இல் முடிந்த போரில் இழப்பு இல்லாத வீடு வன்னியில் குறைவு. அதனாலேயே காரணம் தேடும் வேலை சோம்பலாகிவிடுகிறது. தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் இரத்தச்சோகை வந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதை நாம் மாதக்கணக்கில் "போரின் பாதிப்பு" என்று எழுதிக்கொண்டிருப்போம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். பரம்பரை ஒரு பங்கு. நுண்கடன்காரர் வாராவாரம் படலையில் வந்து நிற்பதும் ஒரு பங்கு. ஒன்றே ஒன்றுதான் காரணம் என்று அமையும் ஆட்கள் மிகக் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கும் தாய் அழுகிறார் என்பதற்காக அவர் நோயாளி ஆகிவிட மாட்டார். அந்த அழுகைக்குக் குளிசை தேடாதீர்கள்.

மருந்து தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும்.

அக்கராயன் பக்கம் ஒரு கமக்காரர். காலபோக விதைப்பு நேரம் வயலுக்கு இறங்காமல் கட்டிலிலேயே கிடந்தார். புதிதாக வந்த தம்பி ஒருவர் பெரும்பாடுபட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டொக்டர் புளுஒக்செற்றின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினார். "இனிச் சுகமாயிடும் ஐயா" என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வந்தாயிற்று. அடுத்த கிளினிக்குக்கு ஐயா வரவில்லை. தம்பி பதிவில் எழுதினார்: "நோயாளி ஒத்துழைக்க மறுக்கிறார்."

வீட்டுக்குப் போய்க் கேட்டால் கதை வேறு. குமட்டல், தலையிடி, இருந்த கொஞ்ச நித்திரையும் குழம்பிவிட்டது. "வந்த வருத்தம் மாறேல்ல, புது வருத்தமும் சேர்ந்திட்டுது. பிறகென்னத்துக்கு அதைப் போடுவான்?" என்றார். நியாயமான கேள்வி. இப்படி ஆகும் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

இந்த மருந்துகளில் தொந்தரவு முதலில் வரும், பலன் பிந்தி வரும். குமட்டல், தலையிடி, படபடப்பு பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிழமையில் தணிந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 கிழமை எடுக்கும், சிலருக்கு 6 கிழமையும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் நாம் ஆட்களை இழக்கிறோம். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு முதல் கிழமைகளில் படபடப்போடு தற்கொலை எண்ணமும் கூடலாம். அவர்களை இன்னும் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

சரி, ஐயா மீண்டும் தொடங்கினார். அறுவடைக்கு முன்பே ஆள் தேறிவிட்டார், வயலில் நின்று சத்தம் போடுமளவுக்கு. சுகம் வந்துவிட்டதே என்று இரண்டாம் தடவையும் நிறுத்தினார். "நெடுகப் போட்டால் குளிசைக்கு அடிமையாகிடுவாய்" என்று மைத்துனர் வேறு சொல்லியிருந்தார். சிறுபோகம் முடியுமுன் பழையபடி கட்டில். இந்த முறை எழுப்புவது முன்னையதைவிடக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும் அடுத்த முறை வரும் வாய்ப்புக் கூடுகிறது.

அறிகுறிகள் நீங்கிய பிறகும் 9 முதல் 12 மாதம் மருந்தைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. நிறுத்தும்போதும் டொக்டர் சொன்னபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம். மைத்துனர் பயந்தது டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளுக்குத்தான் பொருந்தும், அவற்றுக்கு உடல் பழகிவிடும். இரண்டையும் ஊரில் ஒரே பெயரால் சொல்கிறார்கள். வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

முதல் நாளே வீட்டில் இன்னொருவரையும் இருத்தி இவ்வளவையும் சொல்லுங்கள். முதலாவது கிழமை முடிய ஒரு தடவை வீட்டுக்குப் போங்கள், முடியாவிட்டால் போன் எடுங்கள். அப்புறம் பதிவில் "மறுக்கிறார்" என்று எழுதும் தேவை பெரும்பாலும் வராது.

லேசான சோர்வுக்கும் மருந்தைத் தேடி ஓடுவது

தேவையில்லை. கிழமைக்கொரு தடவை ஒழுங்காக இருந்து கதைப்பதும், கைவிட்ட வேலைகளில் மிகச் சிறிய ஒன்றை நாள் குறித்துத் தொடங்க வைப்பதும் பலருக்குப் போதும்.

துள்ளலாக இருந்த காலத்தைக் கேட்காமல் விடுவது

நித்திரையே இல்லாமல், களைப்பும் தெரியாமல், காசைக் கண்டபடி இறைத்துக்கொண்டு திரிந்த நாட்கள் முன்பு இருந்ததா என்று கேட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்தால் மனச்சோர்வு மருந்து மட்டும் ஆளை மறுபக்கம், அந்தத் துள்ளலுக்கே தூக்கி எறிந்துவிடக்கூடும்.

கோயிலோடு போட்டி போடுவது

வேண்டாம். வற்றாப்பளைக்கு நேர்த்தி வைக்கட்டும், குளிசையும் போடட்டும்.

சாகும் எண்ணத்தைப் பற்றிக் கேட்காமல் எழும்பி வருவது

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் ஆதாரமில்லாதது. "இப்படியே செத்துப்போனால் நல்லம் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேளுங்கள். பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதல். ஆம் என்றால், வழி ஏதும் யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் தனியே விட்டு வராதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. இரவு நேரம் கதைக்க 1926 என்ற தேசிய உளநல இலக்கம் உண்டு.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வயல் மருந்துப் போத்தல். ஆபத்தான சில பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகு இலங்கையில் தற்கொலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கைக்கெட்டாமல் செய்வது அவ்வளவு முக்கியம். போத்தல்களைச் சகோதரர் வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு மாதக் குளிசையையும் மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் வைத்து எடுத்துக்கொடுக்கட்டும்.