கல்வியைப் பற்றிப் பொதுமேடையில் பேசத் தயாராவது எப்படி?

கல்வியைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவான கருத்து இருக்கும். தம்மைப் பாராட்டிய ஆசிரியரையும், தலைகுனிய வைத்த தேர்வையும், கிடைக்காமல் போன படிப்பையும் மனத்தில் சுமந்தபடியே அவர்கள் வந்து அமர்கிறார்கள். ஆகவே, குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கும் முன், வரப்போகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோரா, ஆசிரியர்களா, படிப்பைப் பாதியில் விட்டவர்களும் இருப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டறிந்து, அவர்கள் எதை நம்பிக்கொண்டு வருவார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, தலைப்பைக் குறுக்க வேண்டும். 'கல்வியின் சிறப்பு' என்று எடுத்துக்கொண்டால், எல்லோரும் ஒப்புக்கொண்டதையே மறுபடி சொல்ல நேரும். மாறாக, 'திரும்பத் திரும்பப் படித்த பாடம் ஏன் மறந்துபோகிறது?' என்பது போன்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் அதற்கு நேர்மையான விடை சொல்ல முடியும்.

இந்தக் கேள்வியையே வைத்துப் பார்ப்போம். உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இந்தச் செய்தியை ஆய்வாளர் பெயரோடும் கலைச்சொல்லோடும் தொடங்கினால் அவையின் கவனம் நழுவிவிடும். தேர்வுக்கு முந்தைய இரவில் அதே பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்று உளமார நம்பும் ஒரு பிள்ளையை முதலில் கண்முன் நிறுத்துங்கள். அந்த நம்பிக்கை ஏன் பொய்த்துப்போகிறது என்று கேளுங்கள். அதன் பிறகு ஆய்வைச் சொல்லுங்கள். பேச்சின் நடுவே ஒரு நிமிடம் நிறுத்தி, இதுவரை கேட்டதை அருகில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னால், நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அவர்களே உணர்வார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், அவர்கள் படித்தவை உரைநடைப் பகுதிகள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரம்பைச் சொல்லும் பேச்சாளரை மக்கள் கூடுதலாகவே நம்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

புள்ளிவிவரங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. தொடக்கப் பள்ளியின் மொத்தச் சேர்க்கை விகிதம் நூறு விழுக்காட்டைத் தாண்டலாம். ஏனெனில் உரிய வயதைக் கடந்தும் அந்த வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளும் அதில் எண்ணப்படுகிறார்கள், ஆனால் அந்த எண்ணிக்கையை வகுப்பது உரிய வயதுப் பிள்ளைகளின் தொகையால் மட்டுமே. இதை விளக்காமல் எண்ணை மட்டும் சொன்னால், எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்கிறார்கள் என்று அவை புரிந்துகொள்ளும். பெயர் பதிந்திருப்பதும் வாசிக்கக் கற்றிருப்பதும் வேறு வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளக்குவதற்கு நேரமில்லாத எண்ணை விட்டுவிடுவதே நல்லது.

உரையை முழுதாக எழுதலாம், ஆனால் மேடைக்குக் குறிப்புகளை மட்டும் கொண்டுசெல்லுங்கள். கடிகாரத்தை வைத்து இருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்களை அங்கேயே உடைத்துவிடலாம்.

கேள்வி நேரத்துக்கும் தயாரிப்பு வேண்டும். 'என் பிள்ளைக்குப் படிப்பே ஏறவில்லை' என்று ஒருவர் பலர் முன்னிலையில் எழுந்து சொல்லக்கூடும். அந்தப் பிள்ளையை நேரில் அறியாமல் காரணம் கூறுவதும், பெற்றோரைக் குறைசொல்வதும் கூடாது; பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்லி, கூட்டம் முடிந்த பின் தனியே பேச அழையுங்கள், அதற்கென அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.