முதல் தொலைநோக்கிக்கு முன் ஒரு பைனாகுலர்

வானத்தைப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது தொலைநோக்கி அன்று, 10×50 அளவுள்ள ஒரு நல்ல பைனாகுலரே என்பது என் உறுதியான கருத்து. இதில் 10 என்பது உருப்பெருக்கம். 50 என்பது மில்லிமீட்டரில் முன்வில்லையின் விட்டம். ஒளியைத் திரட்டும் திறன் வில்லையின் பரப்பைப் பொறுத்தது என்பதால், மங்கலான பொருள்களைக் காண இந்த இரண்டாவது எண்ணே முக்கியம். கார்த்திகை விண்மீன் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் அழகைப் பெரும்பாலான தொலைநோக்கிகளில் காண இயலாது. அவற்றின் பார்வைப்புலம் அவ்வளவு குறுகியது. கருவியை முக்காலியில் அசையாமல் பொருத்தினால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காணலாம், அவை இரவுக்கிரவு இடம் மாறுவதையும் குறித்துக்கொள்ளலாம்.

பின்னர் தொலைநோக்கி வாங்கும்போது, பெட்டியின்மீது அச்சிடப்பட்டிருக்கும் 500 மடங்கு போன்ற எண்களை நம்ப வேண்டாம். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கே பயனுள்ள உச்ச வரம்பு; ஆகவே 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டினால் காட்சி மங்கிக் குழம்பும். ஆடும் தாங்கியும் அதே அளவுக்குக் காட்சியைக் கெடுக்கும். உறுதியான அடிப்பீடத்தில் அமையும் 150 மி.மீ. டாப்சோனியன் தொலைநோக்கியே (எளிய பீடத்தில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) தொடக்கநிலையினருக்கு ஏற்றது. எந்தக் கருவியாயினும், முன்பக்கத்தில் உரிய சூரிய வடிகட்டி பொருத்தாமல் ஒரு நொடிகூடச் சூரியனை நோக்கித் திருப்பிப் பார்க்கக் கூடாது.