வறண்ட தோலுக்கு க்ரீம்: ஈரம் காய்வதற்குள் தடவுங்கள்

க்ரீம் வாங்கக் கடைக்குப் போகும் முன் குளியலைக் கவனியுங்கள். குன்னூரில் மார்கழி, தைக் குளிருக்கு ஆவி பறக்கும் வெந்நீரை மேலே ஊற்றிக்கொண்டே இருக்கத்தான் தோன்றும். என் மாமியாருக்கும் அதுதான் பழக்கமாக இருந்தது. ஆனால் சுடுநீரும் சோப்பும் தோலின் எண்ணெய்ப் பசையை அலசி எடுத்துவிடும். வயதானவர்களுக்கு அந்தப் பசை சுரப்பதே குறைவு. குளிர்காற்றிலும் ஈரம் கம்மி. எல்லாம் சேர்ந்து முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரியும், ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கும்.

அதனால் வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல். அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போடுங்கள். கை கால்களுக்கு வெறும் தண்ணீரே போதும். பீர்க்கங்காய் நார் வேண்டவே வேண்டாம்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் க்ரீம் தடவிவிட வேண்டும். யார் கேட்டாலும் நான் அடித்துச் சொல்வது இதைத்தான். தேயிலைத் தோட்டத்தில் மண் நனைந்திருக்கும்போது மூடாக்கு போடுவார்கள் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். காய்ந்த பிறகு மூடி என்ன பயன்? டப்பாவைக் குளியலறையிலேயே வையுங்கள். அறைக்குப் போய், புடவை கட்டி, அப்புறம் டப்பாவைத் தேடுவதற்குள் ஈரம் போய்விடும்.

சரி, எதை வாங்குவது? லோஷனில் தண்ணீர்தான் அதிகம். நாள்பட்ட வறட்சிக்குக் கெட்டியான க்ரீமோ ஆயின்ட்மென்ட்டோதான் கேட்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியவை ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின் போன்றவை மேலே படிந்து ஈரம் வெளியேறாமல் காப்பவை. இரண்டு வகையும் கலந்த, வாசனை சேர்க்காத க்ரீம் நல்லது. கால் தோல் தடித்துச் செதிலாக இருந்தால் 10 சதவீத யூரியா க்ரீம் அருமையாக வேலை செய்யும். கீறலும் வெடிப்பும் உள்ள இடத்தில் அது எரியும், அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போடுங்கள். லேசான வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயே போதும், அதையும் ஈரத் தோலில்தான் தடவ வேண்டும். ஆலிவ் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைக் கெடுக்கும்.

அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறோம். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பாதத்தோடு சேர்த்து ஒரு முழுக் காலுக்கு அப்படி எட்டு முறையாவது பிதுக்க வேண்டும். அதாவது இரண்டு காலுக்கும் ஒரு வேளைக்கு 8 கிராம். காலையும் இரவும் போட்டால் 100 கிராம் ட்யூப் ஒரு வாரம்கூட வராது. விலை உயர்ந்த சின்ன ட்யூபை மிச்சம் பிடித்துத் தடவுவதைவிட, மலிவான பெரிய டப்பாவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரலாம்.

பாதத்தில் போட்டதும் சாக்ஸ் மாட்டிவிடுங்கள், வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால்விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: பாரஃபின், பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. தடவிக்கொண்டு கணப்பு பக்கத்திலோ அடுப்பு பக்கத்திலோ உட்காரவிடாதீர்கள்.

இப்படி விடாமல் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எதுவாக இருந்தாலும் வறட்சியும் அரிப்புமாகத் தெரியலாம். வீட்டில் எல்லாருக்குமே ராத்திரியில் அரித்தால் அது சிரங்காக இருக்கக்கூடும். அதற்கு மருந்தே வேறு. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் மட்டும் வேண்டாம். நாலு நாள் அரிப்பு அடங்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் வயதான தோல் இன்னும் மெலிந்து, லேசாக உரசினாலே கிழியும்.